முதல் குண்டைச் சுட்ட படகு

பீரங்கி சுமந்த படகு கடைசியில் ஜல்லி சுமந்தது. 1962இல் யூகோஸ்லாவியக் கடற்படை அதற்கு ஓய்வு கொடுத்தது. படகு ஓர் அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு அந்த நிறுவனமே தனியார் வசமானது. ஆயுதங்கள் கழற்றப்பட்டு, வண்ணம் உரிந்து, துரு ஏறிய நிலையில் படகு மட்டும் ஆற்றிலேயே கிடந்தது. கரையோரம் நடந்துபோகிறவர்களுக்கு அது இன்னொரு மணல் படகு, அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர்களுக்கோ அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

எரியத்தான் செய்யும். 1914 ஜூலை 29ஆம் தேதி, நள்ளிரவு ஒரு மணி தாண்டிய சற்று நேரத்தில், முதல் உலகப் போரின் முதல் குண்டுகள் இந்தப் படகிலிருந்து கிளம்பின. அவை விழுந்த இடம் செர்பியாவின் தலைநகரான பெல்கிரேட். அன்று படகின் பெயர் போட்ரோக். இன்று அதன் பெயர் சாவா. எந்த நகரத்தைச் சுட்டதோ அதே நகரத்தில், 2021 நவம்பரிலிருந்து, மிதக்கும் அருங்காட்சியகமாக அது நிற்கிறது.

தன்னைச் சுட்ட படகை ஒரு நகரம் ஏன் காப்பாற்றி வைக்க வேண்டும்? காயலான் கடைக்கு எடைக்குப் போட்டிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க முடியாது. ஆனால் பெல்கிரேட் மக்கள் அதைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது மிகச் சரியான காரியம் என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் அந்தப் படகு வாழ்ந்த வாழ்க்கையிலேயே இருக்கிறது.

எல்லைக்கோட்டில் ஒரு தலைநகரம்

பெல்கிரேட் இரண்டு ஆறுகள் கூடும் இடம். மேற்கிலிருந்து வரும் சாவா ஆறு அங்கே டான்யூபில் கலக்கிறது. கூடுதுறைக்கு மேலே, மேட்டில், கலேமெக்தான் கோட்டை. கோட்டைச் சுவரருகே நின்று எதிரே பார்த்தால் செமுன் தெரியும். இன்று செமுன் பெல்கிரேடின் ஒரு பகுதி. நகரப் பேருந்தில் போய்வரலாம். 1914இல் அது வேறு நாடு. ஆற்றின் இந்தக் கரை செர்பியா, அந்தக் கரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு. ஒரு நாட்டின் தலைநகரம், அதன் கோட்டை, ரயில் நிலையம், கடைவீதி எல்லாமே எதிரியின் கரையிலிருந்து கண்ணால் பார்க்கும் தூரத்தில் இருந்தன.

அதனால்தான் உலகத்தையே எரித்த அந்தப் போர் ஆற்றில் தொடங்கியது. ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 23இல் வியன்னா செர்பியாவுக்குக் கெடு வைத்தது. ஜூலை 28இல் தந்தி மூலம் போர் அறிவித்தது. செர்பிய அரசு அதற்குள் தெற்கே நீஷ் நகரத்துக்குப் போய்விட்டது. பெரும்படைகள் ஆளும் தளவாடமும் சேர்த்து எல்லைக்கு வர நாட்கள் ஆகும். ஆற்றுப் படகுகளுக்கு அந்தத் தாமதம் கிடையாது. நீராவி ஏற்றினால் போதும்.

பெல்கிரேடையும் செமுனையும் இணைத்தது 1884இல் கட்டப்பட்ட ஒரு ரயில் பாலம். வியன்னாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் இடையே ஓடிய ரயில்கள் அதன் வழியாகத்தான் போயின. எதிரிப்படை அதில் ஏறி வந்துவிடக் கூடாது என்று அன்றிரவு செர்பியர்கள் அந்தப் பாலத்தைத் தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் தெமெஷ், போட்ரோக், சமோஷ் என்ற மூன்று போர்ப்படகுகள் பெல்கிரேடின் பாதுகாப்பு அரண்களை நோக்கிச் சுடத் தொடங்கின. மூன்றும் சுட்டன, முதலில் சுட்டது என்ற பெயர் போட்ரோக்குக்கு நிலைத்துவிட்டது.

அதன்பின் ஒரு வாரத்துக்குள் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன் எல்லாம் போருக்குள் இறங்கிவிட்டன. 55 நாட்களில் அந்த நெருப்பு நம் வாசலுக்கே வந்தது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். எம்டனைத் தெரியாத தமிழர் இல்லை. எம்டனைச் சென்னைவரை இழுத்துவந்த போரின் முதல் சத்தம் ஓர் ஆற்றில், மார்பளவுத் தண்ணீரில் மிதக்கக்கூடிய ஒரு படகிலிருந்து எழுந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மார்பளவுத் தண்ணீரில் ஓடும் கோட்டை

மார்பளவு என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் படகு தண்ணீருக்குள் அமிழ்வது 1.2 மீட்டர்தான். நீளமோ 57.7 மீட்டர், அகலம் 9.5 மீட்டர், எடை 440 டன். அவ்வளவு எடையை அவ்வளவு குறைந்த ஆழத்தில் மிதக்கவிட வேண்டுமென்றால் அடிப்பாகம் தட்டையாக, பரந்ததாக இருந்தாக வேண்டும். டான்யூபில் கோடையில் தண்ணீர் வற்றும், மணல் திட்டுகள் இடம் மாறும். ஆழமாக அமிழும் கப்பலுக்கு அங்கே வேலையில்லை.

இந்த வகைப் படகுக்கு மானிட்டர் என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் களமிறங்கிய மானிட்டர் என்ற கவசக் கப்பலின் பெயரே அதைப் போன்ற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. தண்ணீருக்கு மேலே உடம்பைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, சுழலும் கவசக் கோபுரத்துக்குள் பீரங்கியை வைப்பது அதன் இலக்கணம். எதிரிக்குக் குறிவைக்க அதிகம் கிடைக்காது. படகு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பீரங்கியை வேண்டிய பக்கம் திருப்பலாம். குறுகிய ஆற்றில் இது பெரிய வசதி.

போட்ரோக்கை வடிவமைத்தவர் ஜோசஃப் தீல். புடாபெஸ்டின் ஓரத்திலிருந்த உய்பெஸ்ட் கட்டுந்துறையில் 1903 பிப்ரவரியில் வேலை தொடங்கி, 1904 ஏப்ரலில் ஆற்றில் இறக்கினார்கள். தனித்தனிக் கோபுரங்களில் இரண்டு 120 மில்லிமீட்டர் பீரங்கிகள். குண்டை உயரத்தில் வளைத்து எறியும் குட்டைக்குழல் பீரங்கி ஒன்று. 37 மில்லிமீட்டர் சிறு பீரங்கிகள் இரண்டு. பக்கவாட்டில் 40 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புக் கவசம். 62 டன் நிலக்கரி. வேகம் மணிக்கு 13 கடல்மைல்.

மாலுமிகள் 86 பேர். இந்த எண்ணிக்கையை அந்த நீள அகலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். படகின் வயிற்றுப் பகுதியைக் கொதிகலனும் நீராவி இயந்திரமும் நிலக்கரியும் வெடிமருந்தும் அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் 86 பேர் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், சண்டையென்றால் ஓடி அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். ஜூலை மாத வெயிலில் சூடேறிய இரும்பு, கீழே நெருப்பு, மேலே மூடிய கோபுரம். பேரரசின் கடற்படையில் ஜெர்மன் பேசுகிறவர், ஹங்கேரியர், குரோயேஷியர், செக் என்று எல்லா இனத்தவரும் இருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேசிய அதே மொழியை வீட்டில் பேசியவர்களும் பேரரசின் சீருடையில் இருந்தார்கள். போட்ரோக் பெல்கிரேடைச் சுட்ட கதையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். செமுனும் பெல்கிரேடும் பாலம் போட்டுப் போய்வந்துகொண்டிருந்த பக்கத்து ஊர்கள்.

மணல் திட்டில் மாட்டிய வெற்றி

அடுத்த நான்கு ஆண்டுகளில் போட்ரோக் டான்யூபின் நீளத்தையே அளந்துவிட்டது. உடன் நின்று சுட்ட தெமெஷ் 1914 அக்டோபரில் சாவா ஆற்றில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. பெல்கிரேட் 1914 டிசம்பரில் ஆஸ்திரியர் கையில் விழுந்து, இரண்டே வாரத்தில் செர்பியர் வசம் திரும்பி, 1915 அக்டோபரில் மீண்டும் விழுந்தது. பிறகு ருமேனியப் போர்முனை. 1918இல் போட்ரோக் டான்யூபின் முகத்துவாரத்தைத் தாண்டிக் கருங்கடல் வழியாக ஒதேசா வரை போனது. ஆற்றுக்கென்று செய்த தட்டையடிப் படகு கடலில் ஓடியது அதன் மாலுமிகளின் துணிச்சல்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பேரரசு குலையத் தொடங்கியது. படகுகள் எல்லாம் டான்யூபில் எதிரேறி புடாபெஸ்டை நோக்கிப் பின்வாங்கின. கடைசியாகக் கிளம்பியது போட்ரோக். அக்டோபர் 31, கடும் மூடுபனி. பெல்கிரேடுக்குக் கொஞ்சம் கீழே, வின்ச்சா என்ற ஊருக்கருகே, அது மணல் திட்டில் தரைதட்டி நின்றுவிட்டது. ஊர்போய்ச் சேராத ஒரே மானிட்டர் அதுதான். முதல் குண்டு வாங்கிய செர்பியர்கள், சுட்ட படகை ஒரு மணல் திட்டில் வைத்துப் பிடித்தார்கள்.

புதிதாகப் பிறந்த செர்ப், குரோட், ஸ்லோவீன் அரசு அதைத் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டு சாவா என்று பெயர் வைத்தது. அந்த அரசுதான் பின்னர் யூகோஸ்லாவியா ஆனது. பழைய எதிரியிடமிருந்து கிடைத்த நான்கு மானிட்டர்கள் சாவா, வர்தார், மொராவா, திராவா என்ற ஆறுகளின் பெயரோடு புதிய கொடியைப் பறக்கவிட்டன. பணத் தட்டுப்பாட்டால் எல்லா ஆண்டும் எல்லாப் படகும் முழு வேலையில் இருந்ததில்லை.

ஐந்தே நாள்

1941 ஏப்ரல் 6. ஹிட்லரின் விமானங்கள் பெல்கிரேடின் மேல் குண்டு மழை பொழிந்தன. தேசிய நூலகம் எரிந்து சாம்பலானது. அன்று சாவாவும் வர்தாரும் ருமேனிய எல்லையருகே டான்யூபில் இருந்தன. எதிரிப் படகுகள் ஆற்றில் ஏறி வராதபடி கண்ணிவெடி விதைத்தன. தலைக்குமேல் வந்த விமானங்களைத் திரும்பத் திரும்ப எதிர்த்தன. 27 ஆண்டுகளுக்கு முன்னால் பெல்கிரேடைத் தாக்கிய அந்த இரும்புடல் இப்போது பெல்கிரேடுக்காகச் சண்டை போட்டது.

தாக்குப்பிடிக்க முடியவில்லை. இரண்டும் பெல்கிரேடுக்குப் பின்வாங்கின. ஆற்றில் வெள்ளம். தண்ணீர் ஏற ஏறப் பாலங்களுக்கு அடியில் இடைவெளி குறைந்துவிட்டது. படகுகள் நுழைந்து போவது ஆபத்தாகிவிட்டது. எதிரி கையில் சிக்கவிடக் கூடாது என்று ஏப்ரல் 11 அதிகாலையில் மாலுமிகளே சாவாவை மூழ்கடித்தார்கள்.

பிறகு நடந்தது கொடுமை. படகை இழந்தவர்கள் இரண்டு இழுவைப் படகுகளில் ஏறிக் கிளம்பினார்கள். அதில் ஒன்று ரயில் பாலமொன்றின் அடியில் போய்க்கொண்டிருந்தபோது, பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடி தவறுதலாக வெடித்துவிட்டது. பாலம் இழுவைப் படகின் மேலேயே விழுந்தது. அதிலிருந்த 110 பேரில் 95 பேர் இறந்துபோனார்கள். எதிரி சுட்டு இறந்தவர்களுக்குச் சிலை வைப்பார்கள். இப்படி இறந்தவர்களை ஊர் சீக்கிரம் மறந்துவிடும். எஞ்சியவர்கள் கைத்துப்பாக்கியும் படகுகளிலிருந்து கழற்றிய இயந்திரத் துப்பாக்கிகளுமாகத் தெற்கே, அட்ரியாட்டிக் கடற்கரையை நோக்கிக் கிளம்பினார்கள். பெரும்பாலானோர் சரயேவோவில் பிடிபட்டார்கள். பழைய போருக்குக் காரணமான ஊரிலேயே இந்தப் போரில் அவர்கள் பயணம் முடிந்தது.

மறுநாள், ஏப்ரல் 12, அதே கடற்படையின் இன்னொரு மானிட்டரான திராவாவை ஜெர்மன் விமானங்கள் தாக்கி மூழ்கடித்தன. 67 மாலுமிகளில் 54 பேர் மாண்டார்கள். தளபதி அலெக்சாண்டர் பெரிச் படகோடு போனார்.

சாவாவின் கதை அங்கேயும் முடியவில்லை. ஹிட்லரின் ஆதரவில் உருவான குரோயேஷிய அரசு அதைத் தூக்கியெடுத்துத் தன் கொடியைக் கட்டியது. 1944 செப்டம்பர் 8 இரவு மறுபடியும் மூழ்கடிக்கப்பட்டது. போர் முடிந்தபின் டிட்டோவின் யூகோஸ்லாவியா மறுபடியும் தூக்கியெடுத்துப் புதுப்பித்து, புதிய பீரங்கிகள் பொருத்தி, 1952 முதல் 1962 வரை ஆற்றுக் காவலில் வைத்திருந்தது.

கடலில் இது நடந்திருக்காது. ஆழ்கடலில் போன கப்பல் போனதுதான். ஆற்றில் மூழ்கும் படகு கையெட்டும் ஆழத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. நன்னீர், கடல்நீர் அளவுக்கு இரும்பை அரிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு அரசும் வந்து அதைத் தூக்கி, தட்டி, வண்ணமடித்துத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

காப்பாற்றியது ஜல்லி

ஆஸ்திரியா-ஹங்கேரியின் ஆற்று மானிட்டர்களில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று சாவா. இன்னொன்று 1871இல் ஆற்றில் இறக்கப்பட்டு, இப்போது புடாபெஸ்டில் அருங்காட்சியகக் கப்பலாக இருக்கும் லைத்தா. இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. லைத்தாவும் முதல் உலகப் போருக்குப் பிறகு விற்கப்பட்டு, ஆற்றில் ஜல்லி அள்ளும் படகாகப் பல பத்தாண்டுகள் உழைத்தது.

இது தற்செயல் இல்லை. பெயர்பெற்ற கப்பல்கள் பெயரோடு ஓய்வுபெறும்; பராமரிக்கப் பணமில்லை என்றதும் உடைபடும். நம் விக்ராந்த் அதற்குச் சாட்சி. 1971 போரில் கிழக்குக் கரையைக் காத்த விமானந்தாங்கிக் கப்பல், 1997இல் ஓய்வுபெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014இல் உடைக்கப்பட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. சாவாவையும் லைத்தாவையும் யாரும் போற்றிப் பாதுகாக்கவில்லை. தட்டையான அடிப்பாகமும் உறுதியான இரும்பும் மணல் வியாபாரத்துக்குப் பொருத்தமாக இருந்தன, அவ்வளவுதான். தினமும் கூலி சம்பாதித்துக் கொடுக்கும் படகை எந்த முதலாளியும் உடைக்க மாட்டான். அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தால், பின்னால் வந்த தலைமுறை காப்பாற்ற நினைத்தபோது ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

நினைத்தார்கள். மக்கள் வற்புறுத்தியதால் 2005இல் செர்பிய அரசு சாவாவுக்கு ஓரளவு பாதுகாப்பு அளித்தது. காகிதத்தில் வந்த பாதுகாப்பு படகுக்கு வர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 2014இல் உலகமே முதல் உலகப் போரின் நூற்றாண்டை அனுசரித்தது. முதல் குண்டைச் சுட்ட படகோ துருப்பிடித்துக் கிடந்தது. அந்த வெட்கம் வேலை செய்திருக்க வேண்டும். 2015இல் பாதுகாப்பு அமைச்சகமும் பெல்கிரேடின் ராணுவ அருங்காட்சியகமும் படகைத் தங்கள் பொறுப்பில் எடுத்தன. 2019 தொடக்கத்தில் புனரமைப்பு முடிந்தது. 117 வயதில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இத்தகைய படகைப் புதுப்பிக்கும்போது எழும் கேள்வி, எந்த வயதுக்கு அதைத் திருப்புவது என்பது. 1914இன் போட்ரோக்கா, 1941இன் சாவாவா, 1952இல் புதிய பீரங்கிகளோடு வந்த சாவாவா? ஒவ்வொரு முறை எழுப்பப்பட்டபோதும் பழைய இரும்பின்மேல் புதிய இரும்பு ஏறியது. ஒன்றைக் காட்ட இன்னொன்றை வெட்டியெறிய வேண்டிவரும். உலகம் முழுக்க முதல் குண்டின் இரவையே பார்க்க வருவார்கள் என்பதால் 1914ஐ முன்னால் வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கு 1941தான் முக்கியமாகப்படுகிறது. முதல் குண்டைச் சுட்டதோடு நிறுத்தினால் அது அந்நியர் விட்டுச்சென்ற ஓர் ஆயுதம். இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் பெல்கிரேட் அதை ஏன் தன் படகு என்று வைத்திருக்கிறது என்பது விளங்கும். பாலத்தின் அடியில் இறந்த அந்த 95 பேருக்கும் அந்தத் தளத்தில் ஓரிடம் வேண்டும்.

செர்பியாவுக்கு இன்று கடற்கரை கிடையாது. ஆனால் நோவிசாத் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்றுப் படைப்பிரிவு இன்றும் டான்யூபிலும் சாவாவிலும் காவல் இருக்கிறது. அதன் தலைமைக் கப்பல் கொசாரா. 1939இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் கட்டப்பட்டது. ஹிட்லரின் கடற்படையில் வேலை பார்த்தது. போருக்குப் பின் யூகோஸ்லாவியாவுக்கு வந்து, அந்த நாடும் மறைந்தபின் செர்பியாவுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அதற்கும் ஓய்வு வரும். அன்றைக்கு முடிவெடுக்க வேண்டியவர்கள் கொஞ்சம் போய்ச் சாவாவின் மேல்தளத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும். இந்தமுறை ஐம்பது வருஷம் ஜல்லி சுமக்கவிட வேண்டாம்.